மிக்கி வீட்டு மாடியில் ஒரு ராத்திரி

உஷ்! சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள், இங்கே படம் எடுக்கக் கூடாது. எதிரே ஒரு கதவு இருக்கிறதே, தெரிகிறதா? தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பெயின்ட். செடியோடு செடியாக ஒளிந்துகொள்ளும் மங்கல் பச்சை. இதற்கு இங்கே 'கோ அவே கிரீன்' என்று பெயர். நம் பாஷையில் 'போய்த்தொலை பச்சை' என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவு திறந்தது. நாலு எட்டு வைத்திருப்போம். அதுவரை காதுக்குள் தேனாக ஒழுகிக்கொண்டிருந்த பாட்டு, ரேடியோவை அணைத்த மாதிரி நின்றது. கீழே இறங்கினால் டியூப் லைட், சிமென்ட் தரை, தலைக்கு மேல் தடித்தடியாகக் குழாய்கள். ஏதோ பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் போல இருக்கிறது. ஆனால் நான் நின்றது ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கின் அடிவயிற்றில்! கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வலித்தது. ஆகா!

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது அக்காதான். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "நீயும் அம்மாவும் அக்டோபர்ல வர்றீங்க. ராத்திரி பார்ட்டிக்குப் போறோம்" என்றாள். முழுப் பெயர் 'மிக்கீஸ் நாட்-ஸோ-ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி'. 'ரொம்பவெல்லாம் பயமுறுத்த மாட்டோம், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க' என்று பெயரிலேயே சத்தியம் செய்துவிடுகிறார்கள். 1995-ல் ஒரே ஒரு ராத்திரி நடந்த கூத்து. இப்போது ஆகஸ்ட்டிலேயே ஆரம்பித்து அக்டோபர் 31 வரை, குறிப்பிட்ட ராத்திரிகளில் நடக்கிறது.

"எத்தனை மணிக்குடி?" என்றார் அம்மா.

"ஏழுலேர்ந்து பன்னெண்டு."

"ராத்திரி பன்னெண்டா? என்ன சிவராத்திரியா?"

அக்டோபரில் போய் இறங்கினோம். அக்கா வீட்டு டைனிங் டேபிளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கொலுப் பொம்மைகள் பெட்டிக்குள் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு எக்செல் பேப்பர், நாலு கலர் பேனா. இந்தப் பார்ட்டிக்குப் பகல் டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட். ஆகஸ்ட், செப்டம்பரில் விலை குறைவு, ஆனால் வெயில் வறுத்தெடுக்கும். 31-ஆம் தேதியை நெருங்க நெருங்க விலை ஏறும், டிக்கெட்டும் தீர்ந்துபோகும். பார்ட்டி டிக்கெட் வைத்திருப்பவர்கள் நாலு மணிக்கே உள்ளே நுழையலாம். பகல் டிக்கெட்காரர்கள் ஆறு மணிக்கு மூட்டை கட்ட வேண்டும். அதனாலேயே பலர் பார்ட்டி நாளில் பகலில் வரமாட்டார்கள், கூட்டம் கொஞ்சம் குறையும். இதைக் கண்டுபிடித்ததும் அக்கா முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"காலைல நீயும் அத்தானும் போய் டூர் பாருங்க. பசங்களை நான் மத்தியானம் தூங்கவெச்சு நாலு மணிக்குக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். அவள் சொன்னது 'கீஸ் டு த கிங்டம்' என்கிற திரைமறைவுச் சுற்றுலா. ஐந்து மணி நேரம், கால் கடுக்க நடை. பதினாறு வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது. அக்கா பையனுக்கு எட்டு. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, "சித்தி, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்கு மட்டும் சொல்லணும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அந்தச் சத்தியத்தோடுதான் சுரங்கத்தில் நிற்கிறேன்.

சுரங்கம் என்று சொன்னேனா? தப்பு. எங்கள் வழிகாட்டிப் பெண்மணி சிரித்துக்கொண்டே திருத்தினார். நாம் நிற்பதுதான் தரைத்தளம். மேலே ஜனங்கள் நடக்கிற தெரு, கோட்டை, ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் மாடியில்! ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் முதலில் தரைமட்டத்தில் இந்தப் பாதைகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து சுற்றிக் கொட்டி மூடி, அதன் மேல் 1971-ல் பார்க்கைத் திறந்தார்கள். 9 ஏக்கருக்கு ஓடுகிறது இந்தக் கீழ்வீடு.

எதற்கு இத்தனை பாடு? கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில், எதிர்கால உலகம் என்று கட்டிவைத்த பகுதிக்குள் ஒரு கௌபாய் வேடக்காரர் டியூட்டிக்கு நடந்து போனாராம். வால்ட் டிஸ்னிக்கு அது பொறுக்கவில்லை என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ராஜபார்ட் வேஷக்காரர் டீக்கடையில் பீடி குடித்தால் ராத்திரி நாடகம் எடுபடுமா? அதே கவலைதான்.

கீழே நடமாட்டம் எக்கச்சக்கம். பேட்டரி வண்டி ஒன்று 'பீப் பீப்' என்று எங்களைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டுப் போனது. எந்த ஊருக்கு அடியில் நிற்கிறோம் என்று தெரிய, சுவரில் பகுதிக்குப் பகுதி வேறு நிறம். அரைகுறை வேஷத்தில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். மேலே பாதி சட்டை பதினெட்டாம் நூற்றாண்டு, கீழே கால் ஷூ போன மாசம் வாங்கினது. யாரும் வேலைக்காரர் இல்லை இங்கே, எல்லோரும் 'காஸ்ட் மெம்பர்', நடிகர்கள். மேலே போனால் 'ஆன்ஸ்டேஜ்', கீழே வந்தால் 'பேக்ஸ்டேஜ்'. நெஞ்சில் குத்தியிருக்கும் வில்லையில் பெயரோடு சொந்த ஊரும் இருக்கும். வழி காட்டினால் ஒற்றை விரலை நீட்ட மாட்டார்கள், இரண்டு விரலைச் சேர்த்துத்தான் காட்டுவார்கள். அத்தான் பத்தே நிமிடத்தில் இதைப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்ட என்னிடமே இரண்டு விரலை நீட்டினார்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் வலைத் தொப்பிக்குள். முகத்தில் முழு மேக்கப், இமையில் மினுமினுப்பு. உடம்பில் தொளதொள டி-ஷர்ட். நெற்றியோரம் வேர்வை பவுடரைக் கரைத்துக் கோடு போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பழத்தை மறைத்துக்கொண்டு புன்னகைத்தாள் பாருங்கள், அது ராஜகுமாரிப் புன்னகை! எந்த ராஜகுமாரி? கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. இதைப் பையனிடம் சொல்லவே முடியாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

திடீரென்று தலைக்கு மேல் 'ஹூஊஊம்... கடகடகட'! நான் குனிந்தே விட்டேன். வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். குப்பை! பார்க்கில் சேரும் குப்பைப் பைகளைத் தெருவில் தள்ளிக்கொண்டு போகாமல், காற்றால் உறிஞ்சிக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். ஸ்வீடன் நாட்டு உத்தி. மணிக்கு 60 மைல் வேகமாம். பாதி தின்ற பாப்கார்ன் என் தலைக்கு மேல் எக்ஸ்பிரஸில் போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்து ஊர்வல வண்டிகள் நிற்கும் கொட்டகையைக் காட்டினார்கள். ராத்திரி ஜொலிக்கப்போகிற வண்டிகள் பட்டப்பகலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, திருவிழா முடிந்த மறுநாள் சப்பரம் மாதிரி சோம்பலாக நின்றன. கிட்டத்தில் பார்த்தால் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த ஒட்டுதான் பிடித்துப்போனது.

நாலு மணி. அக்கா படை வந்து இறங்கியது, கூடவே மழையும். ஃப்ளோரிடா மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது, கன்னத்தில் அறைவதுதான். எக்செல் பேப்பர் கூழானது. "போகட்டும், மனப்பாடம்தான்" என்றாள் அக்கா.

வேஷங்களைச் சொல்லவில்லையே. பெரியவர்களும் வேஷம் போட்டு வர இந்த மாதிரிப் பார்ட்டிகளில்தான் அனுமதி. ஆனால் பதினாலு வயது ஆகிவிட்டால் முகமூடி கூடாது. பையன் எலும்புக்கூடு. நாலு வயதுக் குட்டி, இட்லி! தலையணை உறையில் பஞ்சு அடைத்து அக்காவே தைத்தது. வழியெல்லாம் "அழகான மேகம்!" என்று வெள்ளைக்காரப் பாட்டிகள் கொஞ்ச, இட்லிக்கு வந்தது பாருங்கள் கோபம். அத்தான், இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தாரே, அவரேதான். சமையலறை அலுமினியத் தாளை வலது கையில் முழங்கை வரை சுற்றிக்கொண்டார், வேஷம் முடிந்தது. யாருக்கும் புரியவில்லை. ரோபோவா, தீக்காயமா என்று கேட்டார்கள். எட்டு மணி வாக்கில் தள்ளுவண்டியோடு எதிரே வந்த ஒரு நடுத்தர வயசுக்காரர் சட்டென்று நின்று, "சார்... மாயாவியா?" என்றார் தமிழில். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதில் அலுமினியத் தாள் கிழிந்தது.

ஆறு மணிக் கைமாற்றத்தை மட்டும் தவறவிடாதீர்கள். கையில் பார்ட்டிப் பட்டை இருக்கிறதா என்று ஊழியர்கள் சிரித்த முகமாகப் பார்த்துப் பார்த்து, இல்லாதவர்களை வாசல் பக்கம் நகர்த்துகிறார்கள். (இரண்டு விரல்!) விளக்குகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சும் ஊதாவுமாக மாறுகின்றன. எங்கிருந்தோ பெரிய பெரிய தொட்டிகளில் மிட்டாய் வருகிறது. குழந்தைகள் பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். அம்மா இரண்டு நிமிஷம் பார்த்தார். "இதென்ன, கொலுவுக்குச் சுண்டல் வாங்கற மாதிரிதானே!" என்று கைப்பையிலிருந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அவரும் வரிசையில் சேர்ந்துவிட்டார்.

ஊர்வலம் இரண்டு தடவை. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கூட்டம் கரைந்தபின் வரும் இரண்டாவதற்குக் காத்திருப்பார்கள். எங்கள் இட்லி அதுவரை தாங்காது. முதல் ஊர்வலத்துக்கே நடைபாதை ஓரம் உட்கார்ந்து, அம்மாவின் புளியோதரை டப்பாவைத் திறந்தோம். வெளிச் சாப்பாடு கொண்டுவரலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. ஈரத் தரை, மழை வாசனை, புளிக்காய்ச்சல் வாசனை. பக்கத்தில் சூனியக்காரி வேஷத்தில் இருந்த ஒரு அம்மாள் எட்டி எட்டிப் பார்த்து, கடைசியில் கை நீட்டியே விட்டார்.

விளக்கு மங்கியது. தூரத்தில் குளம்புச் சத்தம். நிஜக் குதிரை! கறுப்பு அங்கி பறக்க, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல், கையில் எரியும் பூசணிக்காயோடு ஓர் ஆள் எங்கள் முன்னால் பாய்ந்து போனான். சில விநாடிகள்தான். இட்லி பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயனார் வேட்டைக்குக் கெளம்பிட்டாருடி. தலையைத்தான் காணோம்."

பின்னாலேயே காலையில் பார்த்த வண்டிகள். ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று தேடுகிறேன், கிடைக்கவேயில்லை. குழிவெட்டிகள் மண்வெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டே ஆட, பொறி பறக்கிறது. ஒரு வண்டியின் உச்சியிலிருந்து ஒரு ராஜகுமாரி கை அசைத்தாள். அதே புன்னகையா? அத்தானைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"சித்தி, நீ இன்னும் சொல்லவே இல்ல" என்று எலும்புக்கூடு என் காதைக் கடித்தது. "கீழ என்ன இருக்கு?"

சத்தியம் ஆயிற்றே. வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு, குழாயைச் சொன்னேன். அவன் கண் விரிந்தது பாருங்கள்! வாணவேடிக்கைக்குக்கூட அப்படி விரியவில்லை. "அறுபது மைலா? பாப்கார்னா? நம்ம காலுக்குக் கீழயா?"

பன்னிரண்டு மணி. இட்லி தள்ளுவண்டியில் வாய் பிளந்து தூங்குகிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மிட்டாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேஜிக் கிங்டத்தின் நட்டநடுத் தெருவில், ஈரத் தரையில் குப்புறப் படுத்து, காதைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டிருக்கிறது ஓர் எலும்புக்கூடு.

"எழுந்திருடா, சட்டையெல்லாம் ஈரம்!" என்று அக்கா கத்துகிறாள்.

"ஷ்ஷ்! கேக்குது!"

துடைப்பமும் முறமுமாக வந்த ஊழியர் ஒருவர் நின்றார். அவனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், அவனைச் சுற்றி வளைத்துப் பெருக்கிக்கொண்டு போனார்.