மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூலகம் நம்மைத் தேடி வருமா? வந்திருக்கிறது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடி மேலவாசலில், புத்தகம் ஏற்றிய ஒரு மாட்டு வண்டியைத் தொடங்கி வைத்தார் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வண்டியை உருவாக்கியவர் பொறியாளர் கனகசபைப் பிள்ளை. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய், வயலில் பாடுபடுகிறவர்களின் கையிலேயே புத்தகத்தைக் கொடுத்தது அந்த வண்டி. என்ன ஒரு மனசு!

அதே 1931-இல் நூலகத்துக்கான ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்கிறது.

அந்த வளர்ச்சியை இன்று சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்க்கலாம். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, குழந்தைகளுக்குத் தனித் தளம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் தனி இடம் உண்டு. வீட்டில் அமைதியாக உட்கார ஒரு மூலை கிடைக்காத மாணவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அந்த நூலகத்துக்குப் போக, பழவேற்காட்டுப் பக்கத்தவர்கள் அனுப்பம்பட்டு நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் சென்னைக்குப் போய்விடலாம். ஆனால் விடியுமுன் பழவேற்காடு ஏரியில் படகிறக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பயணம் தினமும் முடியுமா? அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், பழைய நூல்களையும் இதழ்களையும் கைப்பேசியிலேயே கட்டணமில்லாமல் படிக்கலாம். வலை காயும் நேரத்தில், கரையில் உட்கார்ந்தபடியே.