இரும்பு விலையும் மிதிவெடியும்

இலங்கையின் வடக்கே வன்னி மக்களுக்கு மிதிவெடி என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கால் இழந்தவர்களோடு ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும் 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பற்றை வெட்டினார்கள், குப்பை கொளுத்தினார்கள், தூர்ந்த கிணற்றை இறைத்தார்கள், பழைய இரும்பு பொறுக்கி விற்றார்கள். ஆபத்து தெரியாமல் செய்ததல்ல. அன்றைக்கு அடுப்பெரிய வேண்டியிருந்தது.

யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் ஆதரவோடு மிதிவெடி அபாயக் கல்வி தர வந்த பெண்களுக்குச் சவாலே இதுதான். தெரிந்தவர்களிடம் போய் எதைச் சொல்வது?

பொதுநோக்கு மண்டபத்தில் பட அட்டையை விரிப்பார்கள். விடுதலைப் புலிகள் மரப்பெட்டியில் அடைத்துச் செய்த ஜொனி 95 ஒரு படத்தில். இன்னொன்றில் பாகிஸ்தான் தயாரிப்பான பி4: உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வட்டு, பார்வைக்குச் சப்பாத்துப் பொலிஷ் டின் மாதிரி. பி4-இல் உலோகம் மிகக் குறைவு. அதனால்தான் முகமாலை முன்னரங்கில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் கருவியை மட்டும் நம்பாமல், வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறினார்கள். அந்த வேலையிலும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஏராளம்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்தானே ரீச்சர்" என்று யாராவது சொல்லாமல் கூட்டம் முடியாது. அனுபவமுள்ளவர் அதற்கு வாதாட மாட்டார். "தெரியும் அக்கா. இப்ப இரும்பு கிலோ என்ன விலைக்குப் போகுது? ஆர் பொறுக்கப் போறது?" என்று பேச்சைத் திருப்புவார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

உலகெங்கும் மிதிவெடிக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்களும் சிறுவர்களும். வன்னியிலோ பகல் கூட்டத்துக்கு ஆண்கள் வருவதில்லை. கடலுக்கோ கூலிக்கோ போயிருப்பார்கள். ஆகவே சொல்ல வேண்டியதை மனைவி வழியாக, தாய் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும். குசினி வாசல்வரை போய் உட்கார்ந்து பேசப் பெண்ணால்தான் முடிகிறது. திட்ட அறிக்கைகள் மண்டபத்துக்கு வந்த தலைகளை எண்ணுகின்றன. குசினி வாசலில் பேசியதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை என்பது என் ஆதங்கம்.

இப்போது பிள்ளைகளிடம் பேச வேறு பாடம் தேவைப்படுகிறது. போருக்குப் பின் பிறந்தவர்களுக்கு ஷெல் சத்தமே தெரியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை அவர்களுக்கு வீதியோரப் பலகைகளில் ஒன்று. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது; 2028 ஜூன் 1-க்குள் நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டும். அதுவரையாவது பாடம் நடந்தாக வேண்டும்.

'தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி' என்று சுவரொட்டியில் அச்சடிப்பது எளிது. மூன்றாவதுதான் இடிக்கிறது. யாரிடம் அறிவிப்பது? பொலிஸிடமா, இராணுவத்திடமா? மகன் புலிகள் இயக்கத்தில் இருந்த வீட்டில், வளவுக்குள் குண்டு கிடக்கிறது என்று போய்ச் சொன்னால் என்னென்ன கேள்வி வருமோ என்ற பயம் இருக்கத்தானே செய்யும்? பேசாமல் தூக்கி வாய்க்காலில் போட்டுவிடத் தோன்றும். அப்படிப்பட்ட வீட்டாரோடு கிராம அலுவலரிடம் கூடவே போய் நின்று, "நான்தான் சொல்லச் சொன்னனான்" என்று பொறுப்பேற்க, ஊருக்குத் தெரிந்த ஒரு பெண் வேண்டும்.