எரிபொருளைத் தொடாத லேசர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்ற ஊரில் தேசியப் பற்றவைப்பு நிலையம் இருக்கிறது. 2022 டிசம்பர் 5 அதிகாலை அங்கே 192 லேசர் கற்றைகள் ஒரே நேரத்தில் ஒரு சிறு இலக்கின்மேல் பாய்ந்தன. அவை கொண்டுசென்ற ஆற்றல் 2.05 மெகாஜூல். இலக்குக்குள் நடந்த அணுக்கரு இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். இலக்குக்குக் கொடுத்ததைவிட அதிகம் திரும்பக் கிடைத்த முதல் ஆய்வு இதுதான். செய்தியைப் படித்தவர்களில் பலர், லேசர் நேராக எரிபொருளைச் சுட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு கற்றைகூட எரிபொருளைக் குறிவைக்கவில்லை. இந்த முறையின் சூட்சுமமே அதுதான்.

பிளஸ் டூ வகுப்பில் இயற்பியல் நடத்திய காலமெல்லாம் மாணவர்கள் என்னை விடாமல் கேட்டது இது: "சார், சூரியனில் நடக்கிறதுதானே, இங்கே ஏன் முடியாது?" அணுக்கருக்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை, நெருங்கினால் விலக்கும். அதை மீறி இணையவைக்கக் கடும் வெப்பமும் கடும் நெருக்கமும் வேண்டும். சூரியனில் அதன் பிரம்மாண்டமான நிறையே எரிபொருளை அமுக்கிப் பிடித்திருக்கிறது. நம்மிடம் அந்த நிறை இல்லை. ஆகவே எரிபொருள் சிதறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். சூடேறிய பொருள் விரியப் பார்க்கும். ஆனால் நிலைமம் அதை ஒரு கணம் தாமதிக்கவைக்கும். அந்தக் கணம் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் இணைவு பரவ வேண்டுமானால் எரிபொருள் நன்றாக நெருக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி இலக்கைப் பார்ப்போம். உட்சுவரில் தங்கம் பூசிய, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உலோக உருளை. இரு முனைகளிலும் துளை. நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் வைரத்தாலான கோளக்கூடு. அதன் உட்புறத்தில் எரிபொருளான டியூட்டீரியமும் டிரைட்டியமும் (ஹைட்ரஜனின் கனமான வகைகள்) சுமார் மைனஸ் 255 டிகிரி செல்சியஸில் பனிப்படலமாக உறைந்திருக்கும். புற ஊதா லேசர் துளைகள் வழியே நுழைந்து உருளையின் சுவரைத் தாக்குகிறது. சுவர் கொதித்து எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அவை உறிஞ்சப்பட்டு, மீண்டும் உமிழப்பட்டு, உருளை முழுக்க நிறைகின்றன. உள்ளே வெப்பநிலை சுமார் 30 லட்சம் டிகிரி. கரும்பொருள் கதிர்வீச்சை விளக்க, துளையிட்ட மூடிய பெட்டியை நான் போர்டில் வரைவது வழக்கம். இதுவும் அந்தப் பெட்டிதான். நடுவில் ஒரு வைரக் குண்டு கூடுதல்.

கதிர்வீச்சு இந்தக் குண்டை எப்படி அமுக்குகிறது? ஒளிக்கும் அழுத்தம் உண்டு என்று படித்தவர்கள் அதுதான் காரணம் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அதன் பங்கு சொற்பம். எக்ஸ் கதிர்கள் கூட்டின் மேற்பரப்பைச் சுட்டு ஆவியாக்குகின்றன. ஆவி வெளியே பீறிட, மிச்சக் கூடு உள்ளே தள்ளப்படுகிறது. தீபாவளி ராக்கெட்டில் நெருப்பு கீழே போக, ராக்கெட் மேலே போவதும் இதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். இங்கே எல்லாத் திசைகளிலிருந்தும் மையத்தை நோக்கி ஒரே சமயத்தில் பாய்ச்சல்; வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். மையம் 10 கோடி டிகிரியைத் தாண்டுகிறது. டியூட்டீரியமும் டிரைட்டியமும் இணைந்து ஹீலியம் கருவும் நியூட்ரானும் பிறக்கின்றன. நியூட்ரான் பெரும்பாலும் தப்பிவிடும். ஹீலியம் கரு எரிபொருளுக்குள்ளேயே நின்று, தன் ஆற்றலை அதற்குக் கொடுத்து மேலும் சூடாக்கும். அந்தச் சூட்டில் மேலும் இணைவு. பற்றிக்கொள்வது என்பது இதுதான்.

லேசரை நேரடியாகவே கூட்டின்மேல் அடித்தால் என்ன? அடிக்கலாம், அந்த வழியிலும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் கற்றைகளுக்குள் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கூடு ஒருபக்கம் முந்தும், ஒருபக்கம் பிந்தும். எக்ஸ் கதிராக மாற்றும்போது ஆற்றலில் பெரும்பகுதி உருளையிலேயே போய்விடுகிறது. கூட்டுக்கு வந்து சேர்வது ஒரு சிறு பங்கே. அந்த நஷ்டத்துக்கு ஈடாகக் கிடைப்பது சீர்மை.

பலத்தைவிடச் சீர்மையே இங்கே முக்கியம் என்பேன். 2009-இல் நிலையம் தயாரானது. 2012-க்குள் பற்றவைக்கும் திட்டம் பலிக்கவில்லை. 2021 ஆகஸ்டில் 1.92 மெகாஜூல் கொடுத்து 1.35 மெகாஜூல் எடுத்தார்கள். அதையே திரும்பச் செய்தபோது அந்த அளவு வரவில்லை. கூட்டில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருந்தாலே போதும், கணக்கு மாறிவிடும். 2022 செப்டம்பரில் லேசர் ஆற்றலை 2.05 மெகாஜூலாகக் கூட்டியும் கிடைத்தது 1.2 மெகாஜூல்தான், எரிபொருள் உருண்டையாக நெருங்காமல் சப்பையாகிவிட்டது. பிறகு கற்றைகளுக்கிடையே ஆற்றல் பகிர்வைத் திருத்தினார்கள். லேசர் ஆற்றல் அதே அளவுதான். டிசம்பரில் வந்தது 3.15.

கதிர்வீச்சைக் கொண்டு அமுக்கும் இந்த யோசனை பிறந்த இடம் ஆயுதக்கூடம். 1951-இல் எட்வர்ட் டெல்லரும் ஸ்டனிஸ்லா உலாமும், அணுகுண்டின் கதிர்வீச்சைக் கொண்டே இணைவு எரிபொருளை அமுக்கலாம் என்று கண்டார்கள். 1952 நவம்பர் 1 அன்று பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் அதைச் சோதித்தபோது எலுகெலாப் என்ற தீவே காணாமல் போனது. குண்டு இல்லாமல், மிகச் சிறிய அளவில் இதைச் செய்ய முடியுமா என்று லிவர்மோரில் யோசித்தவர் ஜான் நக்கோல்ஸ். 1960-இல் லேசர் வந்ததும் அவருக்குக் கருவி கிடைத்தது. இன்றும் தேசியப் பற்றவைப்பு நிலையத்தின் முதல் வேலை, குண்டு வெடித்துப் பார்க்காமலே அமெரிக்க அணு ஆயுதங்களின் நம்பகத்தை ஆராய்வதுதான். மின்சாரம் அதற்கு அடுத்த கனவு.

அந்தக் கனவுக்கு எவ்வளவு தூரம் என்று நம் வீட்டு மீட்டரின் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். டிசம்பர் சாதனையில் கிடைத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரை ஒருமுறை இயக்கச் செலவானது சுமார் 300 மெகாஜூல், அதாவது எண்பது யூனிட்டுக்கு மேல். 2025 ஏப்ரலில் 2.08 மெகாஜூலுக்கு 8.6 மெகாஜூல் எடுத்துவிட்டார்கள். அப்போதும் மின்கணக்கில் நஷ்டம்தான். மின்நிலையமாக வேண்டுமென்றால் நொடிக்குப் பலமுறை வெடிக்க வேண்டும், லேசரின் பயனுறுதிறன் பலமடங்கு உயர வேண்டும், பார்த்துப் பார்த்துச் செய்யும் வைரக் கூடு மலிவாக வேண்டும். இனி 'போட்டதைவிட அதிகம் எடுத்தார்கள்' என்று படித்தால், எங்கே போட்டதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். இலக்கில் போட்டதோடு ஒப்பிட்டால் அது அறிவியல் வெற்றி. மின்கம்பியில் எடுத்ததோடு ஒப்பிட்டு ஜெயிக்கும் நாளில்தான் அது தொழிலாகும்.