கொல்லிமலைக் காவலுக்கு ராஜபாளையம் நாய்: குட்டி வாங்குமுன் காதைச் சோதியுங்கள்

பலா பழுக்கும் நாட்களும் மரவள்ளியில் கிழங்கு இறங்கும் நாட்களும் கொல்லிமலை விவசாயிக்குத் தூக்கம் கெடும் நாட்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு கொல்லையைக் கிளறிவிட்டுப் போய்விடும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலையில் பயிருக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய்தான் முதல் காவல். உயரமும் பலமும் உள்ள ஜாதி நாய் ஒன்று வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ராஜபாளையம்.

விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த நாய்க்குப் பெருமை உண்டு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவள நிறுவனம் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பெயர் பரவியதும் விலை ஏறிற்று; கூடவே போலியும் வந்தது. வெள்ளையாகப் பிறந்த கலப்புக் குட்டிகள்கூட ராஜபாளையம் என்று விலைபோகின்றன.

போலியைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று இருக்கிறது. சுத்தமான ராஜபாளையம் என்றே கொடுத்து, அது காது கேளாத குட்டியாக இருந்துவிட்டால்? பன்றி வரப்பைத் தாண்டும் சத்தம் கேட்காத நாய் காவலுக்கு எதற்கு?

இது எப்போதோ நடக்கும் அதிசயம் அல்ல. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தெரிந்த குறைதான். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். வெண்மை மிகுந்த நாய்கள் சிலவற்றில் அவை அங்கே போய்ச் சேருவதில்லை. அப்போது ஒலியை உணரும் நுண்மயிர்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகும். மருந்து கிடையாது. பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் சுத்த இனத்தின் அடையாளம் என்று வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, வளர்ப்போரில் சிலர் அதையே பார்த்து இணை சேர்க்கிறார்கள். குறையும் கூடவே இறங்குகிறது. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவர்கள் பல்லையும் மடியையும் பார்க்கத் தவறுவதில்லை; நாய் வாங்கும்போது மட்டும் நிறத்தோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

சோதனை எளிது. குட்டிக்கு ஆறு வாரம் ஆன பிறகு செய்யலாம். கூட்டத்தோடு விட்டுச் சோதிக்கக் கூடாது. செவிட்டுக் குட்டி மற்றவை ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடி ஏமாற்றிவிடும். ஒரு குட்டியை மட்டும் தனி இடத்துக்குக் கொண்டுபோய், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது. அதிர்வு காலில் தெரிந்துவிடும். கைகாற்று மேலே படவும் கூடாது. காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். சற்று நேரம் விட்டு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். தூங்கும் குட்டி சத்தத்துக்கு விழிக்கிறதா என்பதும் நல்ல சோதனை. ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும். அதற்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. கருவி வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். ஆகவே தாயும் தகப்பனும் நன்றாகக் காது கேட்பவைதானா என்று பார்ப்பது அவசியம்.

இதற்கெல்லாம் வளர்ப்பவர் வீட்டுக்கே போக வேண்டும். சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையே முன்பு நாட்டு இன நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்றதுண்டு. இன்று பெரும்பாலும் தனியாரிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் படம் அனுப்பி முன்பணம் கேட்பவரிடமும், பஸ் நிலையத்தில் கூடையோடு வந்து தருகிறேன் என்பவரிடமும் வாங்க வேண்டாம். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். சாக்குப்போக்குச் சொன்னால் திரும்பிவிடலாம். தாய் எலும்பும் தோலுமாக இருந்தாலும், மனிதரைக் கண்டு பதுங்கினாலும் அந்த ஈற்றுக் குட்டி வேண்டாம்.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது பேரத்துக்கு உதவும். நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது; ஆண்டுக்கு ஒரு ஈற்றுதான்; ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வம்சாவளிக்கு, சென்னையில் இயங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் உண்டு. ஆனால் அது பெற்றோர் யார் என்று சொல்லும். காது கேட்குமா என்று சொல்லாது.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார். வீட்டில் குழந்தைகள் உண்டா, கட்டி வைப்பீர்களா, அவிழ்த்து விடுவீர்களா என்று விசாரிப்பார். கோபப்பட வேண்டாம். ராஜபாளையம் ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு அந்நியரை அண்டவிடாத நாய். அருவி பார்க்கப் போகிறவர்கள் நடக்கும் பாதையோரத்து வீட்டில் வேலி இல்லாமல் வளர்த்தால் வம்பு வந்து சேரும். இன்னொன்று: பன்றி வந்தால் குரைத்து எழுப்புவதுதான் அதன் வேலை. நாயை ஏவிப் பன்றி வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெறும் குரைப்புக் காவல் போதும் என்பவருக்கு மலையிலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டி செலவில்லாமல் கிடைக்கிறது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வாங்குவது என்று முடிவானால் தடுப்பூசி அட்டையைக் கையோடு வாங்குங்கள். குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளும் அதில் இருக்க வேண்டும். பார்வோ எனப்படும் இரத்தக் கழிச்சல் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அதற்கு ஒரு ஊசி போட்டால் போதாது, மூன்று நான்கு வார இடைவெளியில் மறு ஊசிகளும் தேவை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.

காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் குட்டிக்கு வயிறு நிறையத் தீனி வைக்க வேண்டாம். வழியெல்லாம் வாந்தி எடுக்கும். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். குட்டை முடி நாய் ஆனதால் மார்கழிக் குளிர் இதற்கு ஆகாது. முதல் வாரம் இரவில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சாக்கின் மேல் படுக்கட்டும்.