மாமல்லபுரத்துக்கு வராமலே போன நீர்மூழ்கி: பழைய போர்க்கப்பலைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை. வீக்எண்டில் மாமல்லபுரம் போகிறவர்களின் லிஸ்ட் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பலும் சேர்ந்திருக்க வேண்டியது. கிட்டத்தட்ட 91 மீட்டர் நீளம், அதாவது நாலு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தின மாதிரி. உள்ளே நுழைந்து டார்பிடோ குழாய்களையும், மாலுமிகள் படுத்த பெர்த்துகளையும் பார்த்துவிட்டு மறுபக்கம் வெளியே வரலாம் என்பதுதான் பிளான். கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்தும் விட்டது. அங்கிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அது கடைசிவரை கடக்கவே இல்லை.

எந்தக் கப்பல் இது?

ஐ.என்.எஸ் வாக்லி. சோவியத் யூனியனில் கட்டப்பட்ட 'ஃபாக்ஸ்ட்ராட்' ரகம். 1974-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. இந்த ரகக் கப்பலில் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நாலு என மொத்தம் 10 டார்பிடோ குழாய்கள் இருக்கும். 70-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குள்ளேயே வாரக்கணக்கில் வாழ்ந்து வேலை பார்த்தார்கள். ஓய்வுக்குப் பின் அதை மாமல்லபுரத்தில் கடல்சார் பாரம்பரிய அருங்காட்சியகமாக வைக்கலாம் என்று தமிழக அரசு திட்டமிட்டது. கப்பல் சென்னைத் துறைமுகத்தில் கட்டிவைக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. அருங்காட்சியகம் வரவில்லை.

"அரசாங்கம்னாலே இப்படித்தான்" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால், பணக்கார நாடுகளும் இதே விஷயத்தில் திணறியிருக்கின்றன. ஏன் என்று பார்க்க, முதலில் நம்ம ஊர் கடலையே பார்க்கலாம்.

கரைக்கு இழுத்துட்டு வந்தா போதாதா?

இந்த அளவுள்ள நீர்மூழ்கி தண்ணீரின் மேல் மிதக்கும்போதே, அதன் அடிப்பாகம் சுமார் ஆறு மீட்டர் ஆழத்தில் இருக்கும். மாமல்லபுரத்தில் துறைமுகம் கிடையாது. திறந்த கடல், மணல் கரை, ஓயாத அலை. கரைக்கு நெருக்கமாகக் கொண்டுவர, கடலுக்குள் ஒரு வாய்க்கால் மாதிரி தூர்வார வேண்டும். தூர்வாரிய இடத்தை, கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் திரும்பவும் மூடப் பார்க்கும். இங்கிலாந்தின் பல துறைமுகங்களில் கடல்மட்டம் ஓதத்தில் நாலு மீட்டர்வரைகூட ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தில் கப்பலை மேலே மிதக்கவிட்டு உட்கார வைத்துவிடலாம். சென்னைக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். மிச்சத்தை வின்ச் வைத்து இழுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் இடம். மாமல்லபுரச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர்வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு மேல் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு தனி.

உப்பு என்ன செய்யும்?

இ.சி.ஆர் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறு மாசத்தில் பைக் செயினும் ஜன்னல் கம்பியும் சொல்லிவிடும்.

நீர்மூழ்கிக்கு இந்தப் பிரச்சினை பல மடங்கு. அதற்கு இரண்டு தோல். உள்ளே, ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் தடிமனான உடல். வெளியே, அதைச் சுற்றி மெல்லிய தகட்டு உறை. இரண்டுக்கும் நடுவே, கடல்நீர் வந்து போகிற தொட்டிகளும் சந்துகளும். மனிதக் கை நுழையாத அந்த இடங்களில் உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு அப்பளம் ஆகியிருக்கும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. கடலில் இருக்கும்வரை கப்பலின் வெளிப்பக்கத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். இரும்புக்குப் பதிலாக அந்தக் கட்டிகள் கரைந்து, கப்பலைக் காப்பாற்றும். ஆனால், தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். கரையேற்றிவிட்டால் மிச்சம் இருக்கும் ஒரே கவசம் பெயின்ட். சேவையில் இருக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் உலர்துறைக்குப் போய் முழு செக்-அப் செய்துகொண்டு வந்த கப்பல், அருங்காட்சியகம் ஆன அன்றிலிருந்து அதையும் இழக்கிறது.

கருங்கல்லுக்கே இந்தக் கடல் இரக்கம் காட்டுவதில்லை. கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை எடுக்க, தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி, அது காய்ந்ததும் உரித்து எடுக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டிய வேலை அது. கல்லுக்கே இப்படி என்றால் இரும்புக்கு?

விசாகப்பட்டினத்தால் மட்டும் எப்படி முடிந்தது?

அதே ஃபாக்ஸ்ட்ராட் குடும்பத்தைச் சேர்ந்த ஐ.என்.எஸ் குர்சுரா இன்றும் விசாகப்பட்டினம் ஆர்.கே. பீச்சில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. 1969-ல் சேவைக்கு வந்து, 1971 போரைப் பார்த்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்ட்டில் மக்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போக ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வுக்கும் திறப்புக்கும் இடையே சுமார் 18 மாதங்கள்தான். கப்பல் துருப்பிடிக்க நேரமே கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே பாதி வெற்றி. கிழக்குக் கடற்படைத் தலைமையகம் அதே ஊரில் இருக்கிறது. கப்பலைத் தெரிந்த ஆட்களும் பக்கத்திலேயே கிடைத்தார்கள். ஓய்வுபெற்ற கடற்படையினரே அங்கே வழிகாட்டிகள்.

அப்படியும் உப்பு விடவில்லை. திறந்து ஐந்தே வருடத்தில், 2007-ல் அடிப்பகுதி அரிப்புக்காகப் புது எஃகுத் தகடுகள் பொருத்த வேண்டியிருந்தது. டிக்கெட்டில் வரும் காசில் பெரும்பகுதி பராமரிப்புக்கே திரும்பிப் போகிறது.

பிரிட்டனில் என்ன செய்தார்கள்?

கோஸ்போர்ட் நகரில் ராயல் நேவி நீர்மூழ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் ஹெச்.எம்.எஸ் அலையன்ஸ், இரண்டாம் உலகப்போர் முடியும் நேரத்தில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டியது. (நம்ம ஆவடியில் உருவான 'விஜயந்தா' டாங்கியின் டிசைனும் விக்கர்ஸுடையதுதான்.) 1981-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கப்பலைத் தண்ணீருக்கு மேலே தாங்கிகளில் தூக்கி வைத்திருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் கீழே கடல் இருந்ததால், ரிப்பேர் செய்ய ஆள் நிற்க இடமில்லை. உப்புக் காற்று கீழிருந்து, மழை மேலிருந்து. முன்னும் பின்னும் தகடுகள் உதிர ஆரம்பித்தன. ஓட்டைகளில் புறாக்கள் கூடு கட்டின.

கடைசியில் சுமார் 70 லட்சம் பவுண்டு செலவில் மறுசீரமைப்பு. அரித்துப்போன பகுதிகளை வெட்டிவிட்டுப் புது எஃகு வைத்தார்கள். ஆனால் உருப்படியான வேலை இன்னொன்று: கப்பலுக்கு அடியில் இருந்த தண்ணீரைத் தடுத்து, அந்த இடத்தை நிலமாக்கினார்கள். இனி எப்போது வேண்டுமானாலும் கீழே போய் நின்று சுரண்டலாம், பெயின்ட் அடிக்கலாம். 2014-ல் மீண்டும் திறந்தது. இந்தச் செலவின் பெரும்பங்கு லாட்டரி வருமானத்தில் இயங்கும் பாரம்பரிய நிதியிலிருந்தும் நன்கொடைகளிலிருந்தும் வந்தது. நுழைவுச் சீட்டை மட்டும் நம்பியிருந்தால் புறாக்கள்தான் ஜெயித்திருக்கும்.

இந்தியாவின் பிரிட்டிஷ் கப்பல்கள் எங்கே?

இல்லை என்பதுதான் பதில். 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் பிரிட்டனில் கட்டத் தொடங்கிய விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா 1957-ல் வாங்கியது. 1961-ல் அது ஐ.என்.எஸ் விக்ராந்த் ஆனது. 1971 போருக்கு முன் அது சென்னைத் துறைமுகத்திலும் நின்றிருக்கிறது. அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கிதான் விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. 1997-ல் ஓய்வு பெற்ற விக்ராந்த், 2001 முதல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 2012-ல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஸ்கிராப். அதன் உலோகத்தைச் சேர்த்துச் செய்ததுதான் 2016-ல் வந்த பஜாஜ் வி15 பைக்.

அடுத்தது விராட். 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் கொடிக்கப்பலாக இருந்தது, 1987-ல் இந்தியக் கடற்படைக்கு வந்தது, 2017-ல் ஓய்வு. இதை அருங்காட்சியகமாக்க 852 கோடி ரூபாய் திட்டத்துக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2018-ல் ஒப்புதல் தந்தது. நடக்கவில்லை. 38.54 கோடிக்கு ஏலம் போய், 2020-ல் குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிலர் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். அதற்குள் உடைக்கும் வேலை தொடங்கிவிட்டது.

852-ஐயும் 38-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசுகள் ஏன் தயங்குகின்றன என்று புரியும். வைத்துக்கொள்ளச் செலவு, விற்றால் வரவு. அதுவும் முதல் செலவுதான் இது. வருஷா வருஷம் ஆகும் பெயின்ட், வெல்டிங், ஆள் சம்பளம் இதில் சேராது.

கப்பலே வேணும்னு இல்லை

இப்போது மகாராஷ்டிரம் வேறு வழியைப் பார்க்கிறது. ஓய்வுபெற்ற ஐ.என்.எஸ் குல்தாரைச் சிந்துதுர்க் பக்கம் கடலில் மூழ்கடித்து, ஸ்கூபா டைவர்கள் பார்க்கும் நீரடி அருங்காட்சியகமாக மாற்றும் திட்டம் அது. உப்போடு சண்டை போடுவதற்குப் பதில், உப்பிடமே விட்டுவிடுவது.

சின்ன பொருட்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. 1960-களில் ஆவடியில் உற்பத்தி தொடங்கிய விஜயந்தா டாங்கிகள், ஓய்வுக்குப் பின் நாட்டின் பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. டாங்கியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு ஷெட்டில் நிறுத்திவிட முடியும். வெளியே நிறுத்தினாலும் வேலை எளிதுதான்: சங்கிலிச் சக்கரம் மண்ணில் படாமல் கான்கிரீட் மேடை, மேல்மூடிகளை மழை இறங்காதபடி அடைப்பது, உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய அடியில் துளை. இலையும் மண்ணும் முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான். ஐப்பசி மழைக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தால் போதும், அதற்கு டெண்டர் தேவையில்லை.