கப்பல் ஏறியவர்கள் – 23: கச்சாலில் காலை ஐந்தரை மணி

போன வாரம் பர்மாவின் மோல்மீனிலிருந்து கிளம்பிய தமிழர்களைச் சென்னையின் எர்ணாவூர் வரை கொண்டுவந்து சேர்த்தாயிற்று.

இந்த வாரம், அந்தமான் போன நம்மவர்கள் கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலான விடுமுறையை அங்கே எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். (2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கப்பலுக்குக் காத்து நிற்பவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) பங்க் வகுப்பு, மூட்டை முடிச்சு, கரும்புக் கட்டு என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து எர்ணாவூர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

“பர்மாக்காரங்களப் பத்தி மூணு வாரமா எழுதுறீங்க. எங்களப் பத்தி எப்பண்ணே எழுதுவீங்க?”

நீங்கள் யார் என்று கேட்டேன். கச்சாலில் பிறந்தவராம். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். இவர் இப்போது மணலியில் ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதுகிறார். பேச்சோடு பேச்சாக, “இந்தியாவுல 2000ஆம் வருஷம் மொதல்ல பொறந்தது எங்க தீவுலதான்” என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். இந்த வாரம் முழுக்க அதிலேயே போயிற்று.

கச்சால் நிக்கோபார் தீவுகளில் ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. பரப்பளவு சுமார் 174 சதுர கிலோமீட்டர். பழங்குடியினர் காப்புப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியக் குடிமகனே கால் வைக்க முடியாது. 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அப்படி.

1999 கடைசியில் உலகத்துக்கே ஒரு பித்துப் பிடித்திருந்தது. புதிய ஆயிரத்தின் முதல் விடியல் யாருக்கு? பசிபிக்கில் கிரிபாட்டி நாடு 1995லேயே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தன் கிழக்கு எல்லைக்குத் தள்ளிவிட்டது. ஆளே இல்லாத தன் கரோலின் தீவுக்கு ‘மில்லேனியம் தீவு’ என்று பெயரும் மாற்றியது. டோங்கா கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் திருகியது. தேதிக்கோட்டை வைத்துப் பார்த்தால் வங்காள விரிகுடாப் பக்கம் யாருக்கும் வாய்ப்பே கிடையாது. ஆனால் போட்டிக்கு இன்னொரு வாசலும் இருந்தது. உலகப் பொது நேரம் கிரீன்விச்சைக் கொண்டு அளக்கப்படுகிறது. அப்படியானால் கிரீன்விச்சில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்து 2000 பிறக்கும் அதே நொடியில், பூமியில் எந்த நிலத்தின்மேல் சூரியன் எழுந்துகொண்டிருக்கும்? அந்த நொடி இந்திய நேரப்படி காலை 5.30. கிரீன்விச் கணக்குக் காட்டிய இடம் கச்சால்.

நம்பாமல் நானும் பஞ்சாங்கமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்துவிட்டேன். கச்சால் 8 பாகை வட அட்சம், 93 பாகை சொச்சம் கிழக்குத் தீர்க்கம். நம் கடிகாரம் 82½ பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால், கச்சாலின் சூரியன் நம் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 44 நிமிடம் முந்தி. ஜனவரி முதல் தேதிக்குப் பகலின் நீளத்தைச் சேர்த்துப் பார்த்தால் சூரியோதயம் 5.30, ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அன்றைக்குச் சென்னைக் காசிமேட்டில் சூரியன் எழுவது 6.31க்கு. ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஆனால் இடையில் முழுசாக ஒரு மணி நேரம்!

இன்னொன்றும் அகப்பட்டது. விடியலின் கோடு ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. அது பூமியைச் சுற்றி ஓடும் வட்டம். மார்கழியில் கச்சாலிலிருந்து வடக்கே போகப் போக அது கிழக்காகச் சாய்ந்துகொண்டே போகும். போட்டுப் பார்த்தால் ஓரிரு நிமிட வித்தியாசத்தில் அந்தக் கோடு தொடும் ஊர் மோல்மீன்! போன வாரம் நாம் விட்டுவந்த அதே மோல்மீன். பர்மாவில் அதற்கு யாரும் மேளம் அடித்ததாகத் தெரியவில்லை. எர்ணாவூரின் இரண்டு கூட்டத்துக்கும் அந்த விடியல் பொது என்பதை இரு தரப்புக்கும் சொல்லிவிட்டேன். இருவருக்குமே பிடிக்கவில்லை.

நம் அரசுக்குப் பிடித்திருந்தது. கச்சாலில் புத்தாயிரம் விழா என்று சுற்றுலாத் துறை கிளம்பியது. பழங்குடியினர் காப்புப் பகுதியில் கேளிக்கையா என்று எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். சூரியன் அங்கே எழுந்ததற்குக் கச்சால்காரர்கள் யாரையும் விருந்துக்கு அழைக்கவில்லை. எர்ணாவூர்க்காரரிடம் அன்றைக்குக் காலை எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன். அவர் அன்று தீவிலேயே இல்லை. போர்ட் பிளேரில் சித்தி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“தோட்டத்துல இருந்தா தெனம் அந்த சூரியனுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்ணே. லீவு கெடைச்சது, தூங்குனேன்.”

இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. கச்சாலிலும் ரப்பர் தோட்டம்தான்; பால்வெட்டு அப்படிப்பட்ட தொழில். ரப்பர் மரத்தின் பட்டைக்கடியில் பால் குழல்கள் இரவெல்லாம் நீர் ஏறி விம்மி நிற்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி அழுத்தம் இறங்கிவிடும். பால் வரத்து குறையும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போய், சாய்வாகக் கீறிச் சிரட்டையைப் பொருத்திவிட்டு அடுத்த மரம். ஒரு ஆளுக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாது. திரும்பி வந்து வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் ஷீட் அடித்துப் புகைக்கூண்டில் காயப்போட வேண்டும். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால்கூட எடைக்கு வரும். உலகம் பார்க்க ஆசைப்பட்ட அந்த ஐந்தரை மணிக்கு இந்தத் தமிழர்கள் என்றைக்கும் பாதி வேலையில் இருப்பார்கள்.

அவர்கள் அங்கே போன வழியையும் சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களின் மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு; மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு அரசாங்கம் எங்கெங்கே தோட்டம் போட்டதோ அங்கெல்லாம் அனுப்பினார்கள்: நீலகிரித் தேயிலைக்கு, கேரளத்தில் புனலூருக்கு, கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கு. ஒரு சிறு கூட்டம் கச்சால் ரப்பருக்கு. இவர் அப்பா ஏறியது நம் மதராஸ் ஹார்பரில். தாயகம் திரும்பியோர் என்று சான்றிதழ் கொடுத்து, மதராஸிலிருந்து நேர்கோட்டில் 1,500 கிலோமீட்டர் தள்ளி இறக்கியிருக்கிறார்கள். இலங்கையில் இருந்தபோது தாயகம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. லயமும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும் கூடவே கப்பலேறிப் போயின.

விடுமுறை என்று நான் ஆரம்பித்ததற்கு வருகிறேன். கச்சாலில் பெரிய பண்டிகை கிறிஸ்துமஸும் புத்தாண்டும்தான். நிக்கோபாரிகளில் மிகப் பலர் கிறிஸ்தவர்கள். கார் நிக்கோபாரில் பிறந்து பர்மாவில் படித்துப் பிஷப் ஆன ஜான் ரிச்சர்ட்சன்தான் அதற்குப் பெரிய காரணம். இந்தத் தீவுகளின் சார்பில் 1952இல் நாடாளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவரும் அவரே. (மறுபடியும் பர்மா. இந்தத் தொடரில் எந்தப் பக்கம் கிளம்பினாலும் அங்கேதான் போய் முட்டுகிறேன்.) கிறிஸ்துமஸ் வாரம் நிக்கோபாரி ஊர்களில் பன்றி அடித்து விருந்து, ஹோடிப் படகுப் போட்டி, விடிய விடியப் பாட்டு. தோட்டத்துப் பையன்களுக்கும் அழைப்பு வரும். பதிலுக்குப் பொங்கலன்று அவர்கள் லயத்துக்கு வருவார்கள். ஆனால் ரப்பர் காட்டில் எந்த நெல்லை அறுத்துப் பொங்கல் வைப்பது? ரேஷன் அரிசிதான். கரும்பு சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய், அங்கிருந்து தீவுக் கப்பல் மாறி வரவேண்டும். கடல் சரியில்லாவிட்டால் மாட்டுப் பொங்கல் கழிந்துதான் கரும்பு கைக்கு வருமாம். அதற்கும் குழந்தைகள் காத்திருப்பார்களாம்.

பண்டிகை நாளில் அவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஜனவரியில் கச்சாலில் சாயங்காலம் 5.10க்கே பொழுது சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் இது இப்படி இல்லை. 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்னால் நமக்கு மதராஸ் நேரம் தனி. போர்ட் பிளேர் கைதிக் குடியிருப்புக்கும் தனி நேரம் இருந்தது. மதராஸைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி. அசாம் தேயிலைத் தோட்டங்கள் இன்றும் ‘பாகான் நேரம்’ என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துத்தான் வேலை வாங்குகின்றன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினரும் வடகிழக்குக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் சேர்த்துத் தனி நேரம் வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். கைதிகளுக்குக் கிடைத்த நேரம் குடிமக்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த நேரக் கணக்கில் சொல்லாமல் விட முடியாத ஒரு காலை இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, 6.29. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்த நேரம் அது. கச்சாலில் விடிந்து ஒரு மணி ஆகியிருந்தது. சென்னையில் அப்போதுதான் சூரியன் எழுகிறது. எண்ணூர், காசிமேட்டுக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. கச்சாலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. நிக்கோபாரில் அதிகம் பேரைப் பறிகொடுத்த தீவுகளில் அதுவும் ஒன்று. தீவே ஒரு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. எர்ணாவூர்க்காரரின் குடும்பம் மறு வருஷம் சென்னைக்குக் கப்பல் ஏறியது. துறைமுகத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவர் அம்மா சொன்னதால் எர்ணாவூரில் வீடு பார்த்தார்கள்.

பக்கம் முடிந்துவிட்டது. போர்ட் பிளேர் கப்பலில் பங்க் வகுப்புச் சாப்பாடு, தீவுவாசிக்கு ஒரு கட்டணமும் நமக்கு ஒரு கட்டணமும், கரும்புக் கட்டுக்கு என்ன கூலி என்பதெல்லாம் அடுத்த வாரம். ஜனவரிக் கப்பலின் தேதி அதற்குள் அறிவிக்கப்பட வேண்டும். மோல்மீன் விடியலைப் பற்றிக் கோபித்துக்கொண்ட எர்ணாவூர் பர்மா நகர் பெரியவர் ஒருவர் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். கப்பல் தேதியை அறிவிக்காவிட்டால் அவரைப் போய்ப் பார்ப்பேன்.