ஓடுகிற காற்றை நிறுப்பது எப்படி?

ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஓடும் காரை நினையுங்கள். 1 கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதை எந்தத் தராசில் நிறுப்பது?

லீற்றரில் அளந்தால் போதாதா? போதாது. காலையில் 24 பாகையில் இருந்த காற்று, மதிய வெயிலில் 35 பாகைக்கு ஏறினால் சுமார் 4 சதவீதம் விரிந்துவிடும். லீற்றர் அதேதான், உள்ளே காற்று குறைவு.

சுடு தேத்தண்ணியை ஊதிப் பாருங்கள். பலமாக ஊதினால் கெதியாக ஆறும். பல கார்களில் நடப்பதும் இதுதான். காற்று நுழையும் குழாயில் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடாக இருக்கும். காற்று அதை ஆற்றப் பார்க்கும். சூடு இறங்காமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் கூட வேண்டுமோ, அதிலிருந்து காற்றின் நிறை தெரிந்துவிடும்.

தொழிற்சாலை வாயுமானிகள் பலவும் சூட்டை வைத்தே அளக்கின்றன. ஒரு வால்வையும் சேர்த்தால், கேட்ட அளவை மட்டும் விடும் கருவி தயார். ஆனால் நைதரசனுக்குச் சரிபார்த்த மானியில் ஆகனை விட்டால் கணக்குப் பிழைக்கும். வாயுவுக்கு வாயு சூட்டைச் சுமக்கும் திறன் வேறு.

மானிக்கு முன்னால் நேரான குழாய் வேண்டும். வளைவில் காற்று சுழன்று வரும். கம்பியில் தூசு படிந்தாலும் அளவு பிசகும். புழுதி வீதியில் ஓடுகிறவர்களே, காற்று வடிகட்டியை மாற்றப் பிந்தாதீர்கள்.